புளிப்புத் தண்ணீர் போன வழி

"ஒருத்தன் வேலையைப் பார்த்தாலே அவன் லட்சணம் தெரிஞ்சுடும் பாஸ். அந்தக் குழாயைப் பாருங்க. பேசாம வண்டியைத் திருப்பிடலாம்" என்றான் நைஜல் பிக்கிள்ஸ், வேனின் கதவைத் திறக்காமலே.

டோரீன் ஹார்டேக்கர் ஏற்கெனவே இறங்கிவிட்டாள். முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் கேஸ் பாய்லர்களைச் சோதித்த இன்ஸ்பெக்டர் அவள். ஓய்வு பெற்ற மறுவாரமே துப்பறியும் தொழிலில் இறங்கியவள். வீட்டுக்காரர்களிடம் பொய் கேட்டுக் கேட்டுக் காது பழுத்துப் போனதில், அந்தத் தொழிலுக்கு அவளுக்கு வேறு பயிற்சி தேவைப்படவில்லை.

நைஜல் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான். யார்க்‌ஷயர் மலைப்பக்கத்தில் ஒரு வாரமாகக் கொலைக்குளிர். மைனஸ் எட்டு. மூக்கு தன்னுடையதுதானா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆக்கன்ஷா ஊரின் பித்தளை வாத்தியக் குழு நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெயித்த வெள்ளிக் கோப்பை, குழுத் தலைவர் எட்வின் கிரிம்ஷாவின் வீட்டு அலமாரியிலிருந்து காணாமல் போயிருந்தது. அவர் வெள்ளிக்கிழமை காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு விட்பி கடற்கரைக்குப் போனாராம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தால் அலமாரி காலியாம். பூட்டு உடையவில்லை. அவரைத் தவிரச் சாவி வைத்திருந்த ஒரே ஆள் பெர்னார்ட் சக்டன், மூன்று வாரத்துக்கு முன் அங்கே புது பாய்லர் மாட்டியவர். வேலை முடிந்ததும் சாவியைக் கொடுக்க அவரும் மறந்தார், கேட்க இவரும் மறந்தார். அதில் அதிசயமும் இல்லை. ஊரில் பாதி வீட்டுச் சாவி சக்டனின் வேனில்தான் ஆணியில் தொங்கும்.

புதன்கிழமை போலீஸ் சக்டனைப் பிடித்து வைத்தது. இன்று வியாழன். பகல் பன்னிரண்டு மணிக்குத் திருட்டு வழக்கு பதிவாகிவிடும். பாய்லர் வேலைக்காரனுக்கு முதலீடே ஜனங்கள் நம்பிக் கதவைத் திறப்பதுதான். திருடன் என்று ஒரு தடவை பெயர் எழுதிவிட்டால் அதற்குப் பிறகு சக்டனுக்கு எந்தக் கதவும் திறக்காது. டோரீனைக் கூப்பிட்டு அழுதது சக்டனின் மனைவி.

"அந்தம்மா அழுதது உண்மைதான் பாஸ். ஆனா இந்தக் குழாயை மாட்டினவன் திருடவும் செய்வான்" என்றான் நைஜல்.

அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி, வீட்டின் பக்கச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோணல் ஓட்டை. அதற்குள்ளிருந்து விரல் தடிமனில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய். குளிருக்கு மேலே ஒரு போர்வை கிடையாது. சுவரோடு நாலடி ஓடி, பூப்பாத்திக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. வாய் முழுக்க ஐஸ். கீழே பாத்தியில் கூழ் கொட்டிய மாதிரி ஐஸ் குவியல்.

புது மாதிரி பாய்லர் எல்லாமே புகையிலிருக்கும் சூட்டைக்கூட விடாமல் பிடுங்கிக்கொள்ளும். அப்போது புகை வியர்த்து, மணிக்கு இரண்டு லிட்டர் வரை தண்ணீர் விடும். பார்க்கப் பச்சைத் தண்ணீர் போல இருந்தாலும் அது புளிப்புத் தண்ணீர். மண்ணில் விட்டால் செடி கருகும், சிமெண்டில் விட்டால் சிமெண்டை அரிக்கும். அதை வீட்டுக்குள்ளேயே பிளாஸ்டிக் குழாயில் கொண்டுபோய்ப் பெரிய கழிவுக்குழாயில் சேர்ப்பதுதான் முறை. வழியே இல்லாவிட்டால் மட்டும் வெளியே விடலாம். அப்போதும் தடித்த குழாய், மேலே போர்வை, நல்ல சரிவு, குறைந்த தூரம். இதையெல்லாம் டோரீன் வேனில் வரும்போது ஒப்பித்திருந்தாள். நைஜல் பாதியில் தூங்கியிருந்தான்.

டோரீன் பையிலிருந்து மட்டப்பலகையை எடுத்துக் குழாயின் மேல் வைத்தாள். உள்ளே இருந்த குமிழி தப்பான பக்கம் ஓடியது.

"குழாய் வாய்ப்பக்கம் மேல ஏறுது" என்றாள்.

"அடேங்கப்பா. தண்ணியை மலையேத்தியிருக்காரு உங்க சக்டன். விருது கொடுக்கணும் பாஸ்."

"என் சக்டன்னு யார் சொன்னா?"

"பணம் கட்டினது அவர் பொண்டாட்டி."

"நைஜல், வாயை மூடிட்டு உன் சாப்பாட்டு டப்பாவை எடு."

"அதுல பன்றிக்கறி அடை இருக்கு!"

"தின்னுடு. டப்பா மட்டும் போதும்."

காலை பத்து மணிக்கு, கொட்டும் குளிரில், அடுத்தவர் பூப்பாத்தியில் நின்று மதியச் சாப்பாட்டைத் தின்ற துப்பறியும் உதவியாளன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று நைஜலுக்குப் பட்டது. அதற்குள் டோரீன் சின்ன உளியால் ஐஸ் குவியலின் ஓரத்தைப் பெயர்த்துவிட்டாள். ஒரு கைப்பிடி அளவுக் கட்டி. அதைச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். அந்தச் சூரியனும் சம்பளம் வாங்காத வேலைக்காரன் போலத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. பிறகு கட்டியை டப்பாவில் போட்டு மூடினாள்.

"என்ன பார்த்தீங்க பாஸ்?"

"கஞ்சத்தனத்தை" என்று சொல்லிவிட்டு அழைப்பு மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தவர் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று கம்பளிச் சட்டை போட்டிருந்தார். எட்வின் கிரிம்ஷாவுக்கு அறுபத்தைந்து வயது. வாத்தியக் குழுவில் முப்பது வருஷமாகத் தலைவர். எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாதவர் தலைவராக இருப்பதுதான் சிக்கனம் என்று ஊரில் நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

"நான் கேஸ் இன்ஸ்பெக்டரா இருந்தவ. சக்டன் மாட்டின வேலையைப் பாத்துட்டு அறிக்கை எழுதலாம்னு வந்தேன்" என்றாள் டோரீன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. யாருக்காக என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

கிரிம்ஷாவின் முகம் மலர்ந்தது. "வாம்மா, வா. எழுதும்மா, நல்லா எழுது! குழாயைப் பாத்தியா? அதைப் பாத்தப்பவே போலீஸ்ல சொன்னேன், இப்படி வேலை செய்யறவனுக்கு என்ன மனசாட்சி இருக்கும்னு. சார்ஜன்ட் லம்ப்கூடத் தலையை ஆட்டினாரு. கைத்தொழில்காரப் பசங்களை வீட்டுக்குள்ள விடறதே தப்பு. கால்ல சேறு, கையில எண்ணெய், கண்ணு பூராவும் அலமாரி மேல."

"பாய்லர் இப்ப ஓடலையா?"

"எங்கே ஓடுது! செவ்வாய்க்கிழமை வந்ததும் போட்டேன். கடகடன்னு வயித்துப்போக்கு வந்த மாதிரி சத்தம் போட்டுட்டு நின்னு போச்சு. அதிலிருந்து விறைச்சுக் கிடக்கேன்."

"அதுக்கு முன்னாடி?"

"அணைச்சுட்டுத்தான் போனேன். ஆளில்லாத வீட்டைச் சூடு பண்ண நான் என்ன கோமாளியா?"

"அப்படின்னா வெள்ளிக்கிழமை காலையிலிருந்து செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாய்லர் எரியல."

"ஒரு நிமிஷம்கூட எரியல. அப்படியே எழுது."

டோரீன் அப்படியே எழுதினாள். நைஜல் சமையலறையைச் சுற்றிப் பார்த்தான். பாய்லர் சுவரில் புத்தம் புதிதாக, கோடு போட்ட மாதிரி நேராக உட்கார்ந்திருந்தது. அடியில் செம்புக் குழாய்கள் வரிசையாக, ஒரே இடைவெளியில். வெளியே பார்த்த கோணலும் உள்ளே இருந்த இந்த நேர்த்தியும் ஒரே ஆள் செய்ததா என்று அவனுக்குச் சின்னதாக ஓர் உறுத்தல் வந்தது. ஆனால் கால் விரல்கள் மரத்துப் போயிருந்ததால் அவன் அதை மேலே யோசிக்கவில்லை.

கிரிம்ஷா டீ கொடுத்தார். கெட்டிலில் புதுத் தண்ணீர் வைக்கவில்லை. அடுப்படியிலிருந்த பழைய டீப்பானையில் காலையிலிருந்து ஊறிக்கொண்டிருந்த இலைகளின் மேலேயே கொஞ்சம் வெந்நீரை விட்டு, ஆட்டி, ஊற்றினார்.

"பையில அடைச்சு விக்கிற டீயெல்லாம் நான் வாங்கறதில்ல. உதிரி இலைதான். ஒரு தரம் போட்டா ரெண்டு நாள் ஓடும்" என்றார் பெருமையாக.

"மூணாவது நாள் அதுவே நடந்து போயிடுமா?" என்று கேட்டான் நைஜல். ஒரு வாய் குடித்தான். சாக்குப்பை நனைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. ஓர் இலை பல்லில் சிக்கிக்கொண்டது.

"விழா நெருங்கற நேரத்துல இப்படி ஆயிடுச்சு" என்று கிரிம்ஷா பெருமூச்சு விட்டார். "கோப்பைக்கு நூறாவது வருஷம். ஷெஃபீல்டிலிருந்து வெள்ளி நிபுணர் ஒருத்தர் நேத்து வந்து பாக்கறதா இருந்தது. வெறுங்கையோட அனுப்பினேன், பாவம்."

டோரீனின் பென்சில் ஒரு நொடி நின்றது. பிறகு நகர்ந்தது.

பதினொரு மணிக்குச் சார்ஜன்ட் லம்ப் வந்து சேர்ந்தான். வாக்குமூலத்தில் கிரிம்ஷாவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கிக்கொண்டு போய் சக்டன் மேல் வழக்கு எழுத வேண்டும். டோரீனைப் பார்த்ததும் அவன் முகத்தில் பல்வலி வந்த மாதிரி ஒரு சுளிப்பு.

"மேடம், நீங்க எப்படி இங்க?"

"டீ குடிக்க வந்தேன் லம்ப். கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. இந்த ஊர்ல இந்த வருஷம் பனி எத்தனை தரம் விழுந்துச்சு?"

"ஒரே தரம். ஞாயித்துக்கிழமை ராத்திரி. மத்த நாளெல்லாம் வெறும் குளிர்தான்."

"நல்லது. நைஜல், டப்பா."

நைஜல் டப்பாவைத் திறந்து மேஜை மேல் கவிழ்த்தான். ஐஸ் கட்டி சறுக்கிக்கொண்டு வந்து கிரிம்ஷாவின் டீக் கோப்பைத் தட்டில் மோதி நின்றது. மேலே கண்ணாடி மாதிரி ஐஸ். நடுவில் வெள்ளையாக, பஞ்சு மாதிரி அழுத்தப்பட்ட பனி. அதற்கும் கீழே, அழுக்குப் பழுப்பு நிறத்தில் இரண்டு விரல்கடை ஐஸ். பழுப்புக்குள் கறுப்புக் கறுப்பாக ஏதோ மிதந்து உறைந்திருந்தது.

"குழாய்க்கு அடியில எடுத்தது" என்றாள் டோரீன். "காலியாக் கிடக்கிற குழாய் உறையாது லம்ப். தண்ணி இருந்தாத்தான் உறையும். பாய்லர் எரிஞ்சாத்தான் தண்ணி வரும். இந்தக் குழாய் ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியே உறைஞ்சிருக்கு. உறைஞ்ச குழாய்க்கு இந்த நாட்டுல எல்லாரும் என்ன பண்ணுவோம்?"

"கெட்டில் தண்ணியை எடுத்துட்டுப் போய் மேல ஊத்துவோம்" என்றான் லம்ப். அது அவனுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

"எல்லாரும் வெறும் வெந்நீரை ஊத்துவாங்க. ஒரு மகராசன் மட்டும், புதுசாத் தண்ணி காய்ச்ச மனசில்லாம, டீப்பானையில மிச்சம் இருந்ததைக் கொண்டுபோய் ஊத்தியிருக்கார். இலையோட. அது கீழ ஒழுகி உறைஞ்சிருக்கு. ஞாயித்துக்கிழமை ராத்திரி அதும்மேல பனி விழுந்திருக்கு. அதுக்கும் மேல குழாய் மறுபடி ஒழுகியிருக்கு. செவ்வாய்க்கிழமை போட்டதும் நின்னு போன பாய்லர் அவ்வளவு ஒழுகாது. அப்படின்னா பனி விழுந்ததுக்கு அப்புறமும் பாய்லர் எரிஞ்சிருக்கு, அந்த மகராசன் இந்த வீட்டுக்குள்ளதான் டீ குடிச்சுக்கிட்டு இருந்திருக்கார்."

"அந்த இலையும் என் பல்லுல மாட்டியிருக்கிற இலையும் அண்ணன் தம்பி சார்ஜன்ட்" என்றான் நைஜல். "வேணும்னா வாயைத் திறந்து காட்டறேன்."

லம்ப் வேண்டாம் என்று கையைக் காட்டினான். கிரிம்ஷாவின் காதுகள் இரண்டும் சிவந்தன.

ஆனால் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தார்.

"சரிப்பா. நான் விட்பிக்குப் போகல. அக்கா வீட்டுக்குப் போனா அவ வாய் ஓயாது, தங்கற விடுதிக்குப் போனா பணம் கேப்பான். ஊர்ல சொல்லிட்டேன், சொன்னதை மாத்தினா கேலி பண்ணுவாங்க. திரையை இழுத்து விட்டுட்டு மாடியில படுத்துக் கிடந்தேன். அது என்ன குத்தமா? நான் மாடியில தூங்கறப்போ சக்டன் சாவி போட்டுத் திறந்து எடுத்துட்டுப் போயிருக்கான். இன்னும் துணிச்சல்காரன்னுதானே அர்த்தம்?"

லம்ப் நிம்மதியாக மூச்சு விட்டான். மறுபடி யோசிக்க வேண்டியதில்லை என்றால் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். "வாக்குமூலத்துல தேதியை மட்டும் திருத்திக்கலாம் மேடம். சாவி சக்டன்கிட்டதான் இருந்துச்சு. அது மாறலையே."

சுவர்க் கடிகாரம் பதினொன்றரையைக் காட்டியது. நைஜல் டோரீனைப் பார்த்தான். பாஸ் தோற்றுவிட்டாள் என்றுதான் நினைத்தான். பாவம், சக்டனின் பெண்டாட்டிக்கு இனி யார் போய்ச் சொல்வது என்றுகூடக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான்.

டோரீன் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"மிஸ்டர் கிரிம்ஷா, கீழ இருக்கிற கழிப்பறையைக் கொஞ்சம் உபயோகிச்சுக்கிறேன்."

"அது... அது கெட்டுப் போயிருக்கு. மாடிக்குப் போம்மா."

"இங்கே உக்காந்து ஒரு மணி நேரமா உங்க டீயைக் குடிச்சிருக்கேன். மாடி வரைக்கும் தாங்காது."

"இல்லம்மா, நான் சொல்றேன்ல, அது பூட்டி—"

இந்த நாட்டில் வீட்டுக்கு வந்தவருக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பலாம். டீயைக் கொடுத்துவிட்டுக் கழிப்பறை கிடையாது என்று மட்டும் சொல்ல முடியாது. லம்ப்கூட நிமிர்ந்து கிரிம்ஷாவைப் பார்த்தான். அதற்குள் டோரீன் சமையலறையை ஒட்டிய சின்னக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

உடனே குரல் வந்தது. "நைஜல், திருப்புளியோட வா. லம்ப், நீயும் வா."

மூன்று பேர் நின்றால் மூச்சு விட முடியாத அறை. சமையலறைச் சுவரும் வெளிச்சுவரும் சேரும் மூலையில், மாடியிலிருந்து இறங்கும் பெரிய கழிவுக்குழாயை மறைத்து, வெள்ளைப் பெயிண்ட் அடித்த பலகைப் பெட்டி. டோரீன் அதன் அடியைக் காட்டினாள். பலகைக்கும் தரைக்கும் நடுவே தண்ணீர் கசிந்து, வெள்ளைத் தரைவிரிப்பில் ஒரு கை அகலத்துக்குப் படர்ந்திருந்தது. அந்தக் கறை மயில் கழுத்து நிறத்தில் இருந்தது.

"இந்தப் பெட்டிக்குள்ள போறதெல்லாம் பிளாஸ்டிக் குழாய்ங்க. பிளாஸ்டிக் எங்கயாவது பச்சையா அழுமா லம்ப்?"

லம்புக்குத் தெரியவில்லை.

"கழட்டு நைஜல்."

திருகாணிகளின் மேல் பெயிண்ட் சமீபத்தில்தான் பெயர்ந்திருந்தது. நாலாவது திருகாணி கழன்றதும் பலகை தானே முன்னால் சாய்ந்தது.

உள்ளே, கழிவுக்குழாயின் மேல் சாய்ந்தபடி, ஒன்றரையடி உயரத்தில், இரண்டு கைப்பிடியோடு, ஆக்கன்ஷா வாத்தியக் குழுவின் கோப்பை நின்றுகொண்டிருந்தது.

"அடப்பாவி" என்றான் லம்ப். யாரைச் சொன்னான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"கோப்பையை அப்புறம் பாரு. முதல்ல இதைப் பாரு." டோரீன் கழிவுக்குழாயின் பக்கவாட்டைத் தொட்டுக் காட்டினாள். அங்கே ஒரு குழாய்த் துண்டு பிசிறில்லாமல், அளவெடுத்த சரிவில், பசை ஒரு சொட்டுக்கூட வழியாமல் பொருத்தப்பட்டிருந்தது. ஆனால் ஒரு சாண் நீளத்தில் அது அறுக்கப்பட்டு, வாயில் ஒயின் பாட்டில் தக்கை அடைக்கப்பட்டிருந்தது. "இதுதான் சக்டன் செஞ்ச வேலை. பாய்லர் தண்ணி சமையலறைச் சுவர் வழியா வந்து, இந்தப் பெட்டிக்குள்ள குறுக்கே ஓடி, இங்கே சேர்ந்திருக்கு. வெளிய ஒரு அங்குலம்கூட வரல. இதெல்லாம் உறையவே உறையாது. அந்தக் குறுக்குக் குழாய் இருந்தா கோப்பை உள்ள நுழையாது. அதனால ஒருத்தர் ரம்பத்தால அறுத்துட்டு, வெளிச்சுவர்ல ஓட்டை போட்டு, கைக்குக் கிடைச்ச மெல்லிசுக் குழாயை டேப் சுத்தி வெளிய நீட்டியிருக்கார். அதுவும் வாய் மேல பார்த்த மாதிரி! குளிர்ல அது உறைஞ்சு போச்சு. போக வழியில்லாத தண்ணி திரும்பி வந்து, அந்த டேப் சந்துல ஒழுகி, நேரா கோப்பை மேல இறங்கியிருக்கு."

கிரிம்ஷா கதவருகே வந்து நின்றார். "அதை சக்டன்தான் ஒளிச்சு வெச்சிருப்பான்" என்றார். குரலில் முன்பிருந்த சத்து இல்லை.

"நீங்க வீட்டுல படுத்திருக்கும்போதேவா? சுவரைக் கொத்தறவரைக்கும் தூங்கினீங்களா?" என்றான் நைஜல். "அந்த டீயைக் குடிச்சவங்களுக்கு அவ்வளவு தூக்கம் வராதே."

"ஆனா மேடம்," என்று லம்ப் இழுத்தான், "தன் வீட்டு அலமாரியில இருக்கிற கோப்பையைத் தன் வீட்டுக் கழிப்பறையில எதுக்கு ஒளிக்கணும்? பைத்தியக்காரத்தனமா இருக்கே."

டோரீன் கோப்பையை வெளியே எடுத்து, கழிப்பறை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தாள். அடிப்பீடம் முழுக்கப் பச்சை. ஒரு கைப்பிடியில் வெள்ளைப் பூச்சு தோலாக உரிந்து, உள்ளேயிருந்து செம்பு எட்டிப் பார்த்தது.

"வெள்ளி இந்த மாதிரி பச்சை கட்டாது லம்ப். புளிப்புத் தண்ணியில நாலு நாள் நின்னா செம்புதான் பச்சையாகும். இது வெள்ளிக் கோப்பையே இல்ல. வெள்ளி முலாம் பூசின செம்பு. நெசக் கோப்பையை வித்துட்டு இதை அலமாரியில வெச்சு எத்தனை வருஷமாச்சுன்னு அவரையே கேளு. வெள்ளி நிபுணர் வந்து பாக்கறதுக்குள்ள இது காணாமப் போயாகணும். காணாமப் போறதுன்னா ஒரு திருடன் வேணும். சாவி வெச்சிருக்கிற ஏழை ஒருத்தன் கிடைச்சான்."

எல்லாரும் கிரிம்ஷாவைப் பார்த்தார்கள். அவர் கதவு நிலையில் சாய்ந்து, மெல்ல வழுக்கிக்கொண்டு போய் நடையிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பதினோரு வருஷம்" என்றார். "தோட்டத்துப் பக்கம் ஒரு கண்ணாடி அறை கட்டணும்னு ஆசை. யாருக்கும் வித்தியாசம் தெரியல. வருஷா வருஷம் கையில வெச்சுக்கிட்டுப் படம் எடுத்துக்கிட்டாங்க, ஒருத்தனுக்கும் தெரியல."

"தூக்கிப் போட்டிருக்கலாமே, எதுக்குய்யா கழிப்பறையில வெச்சே?" என்று நைஜல் உண்மையான ஆர்வத்தோடு கேட்டான்.

"வாய்க்கால்ல போடத்தான் போனேன். வெள்ளிக்கிழமை விடியக்காலையில. உறைஞ்சு கிடந்துச்சு. போட்டா மேலயே உக்காந்திருக்கும்."

லம்ப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பிறகு, நேற்று முழுக்க ஆட்டிய அதே தலையால், இன்றைக்கு எல்லாமே தனக்கு முன்பே தோன்றியது போல ஒரு தோரணையை வரவழைத்துக்கொண்டு, கிரிம்ஷாவின் கையைப் பிடித்தான்.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பெர்னார்ட் சக்டன் போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்கு வந்தார். ஐம்பது தாண்டிய ஒல்லி ஆள். கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். டோரீன் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். கோப்பை கிடைத்ததைச் சொன்னாள், அது போலி என்பதைச் சொன்னாள், கிரிம்ஷா உள்ளே இருப்பதையும் சொன்னாள். அவர் எதற்கும் ஆச்சரியப்படவில்லை. குறுக்கே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பெட்டிக்குள்ள இருந்த என் குழாயைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். லம்புக்கும் காட்டினேன்."

சக்டன் தலையை அசைத்தார். கண்களைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். குளிர்தான் காரணம் என்று மற்றவர்கள் நினைக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

"திருடன்னு சொன்னாங்க. சிரிப்பு வந்துச்சு. நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும், என்னைக்காவது வெளிய வரும்னு இருந்துட்டேன். ஆனா அந்தத் தடிப்பய லம்ப் ஒரு போட்டோவைக் காட்டி, 'இந்தக் குழாயை மாட்டினவன் எதையும் செய்வான்'னு சொன்னான் பாருங்க... முப்பத்திரண்டு வருஷமா வேலை செய்யறேன். ஊர்ல ஒரு நாக்கு, 'இல்ல, சக்டன் இப்படி மாட்ட மாட்டான்'னு சொல்லலையாம். ஒருத்தர்கூடச் சொல்லல." அவர் நைஜல் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியாப்பா அந்தக் குழாயை?"

"பாத்தேன்."

"நான் மாட்டினதுன்னுதானே நினைச்சே?"

காலையில் சிரித்துக்கொண்டே சொன்னதெல்லாம் நைஜலுக்கு நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

"ஆமா" என்றான். "நினைச்சேன். மன்னிச்சுக்கங்க."

சக்டன் கோபப்படவில்லை. அவனை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, வாசலில் நின்ற தன் வேனருகே போய்ப் பின்கதவைத் திறந்தார். அடுக்கியிருந்த குழாய்களில் ஒன்றை உருவி, கண்ணுக்கு நேரே பிடித்துக் கோணல் இருக்கிறதா என்று பார்த்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?" என்றாள் டோரீன். "வீட்டுக்குப் போங்க. அந்தம்மா காத்துக்கிட்டிருக்காங்க."

"போறேன். அரை மணி நேர வேலைதான். கிரிம்ஷா வீட்டுக் குழாயைப் பழையபடி உள்ள விட்டுட்டு, அந்த ஓட்டையை அடைச்சுட்டுப் போறேன். லம்ப்கிட்ட கேட்டேன், போட்டோ எல்லாம் எடுத்தாச்சு, செஞ்சுக்கோன்னுட்டான்."

"அந்த ஆளுக்கா?" நைஜலுக்குப் பொறுக்கவில்லை. "உங்களை உள்ள தள்ளின ஆளுக்கா? அவன் இன்னைக்கு வீட்டுக்கே வரப் போறதில்ல. அவன் பாய்லர் ஓடினா என்ன, ஓடாட்டி என்ன?"

"அவனுக்கு யாரு செய்யறா?" என்றார் சக்டன், வேனில் ஏறிக்கொண்டே. "அது தெருவைப் பாத்து நீட்டிக்கிட்டு நிக்குது தம்பி. போறவன் வர்றவன் எல்லாம் அதை என் வேலைன்னு பாக்கறான்."